தல்சி கிராமத்துச் சிறு கோட்டை: இத்தாலிய வங்கியாளர் ஏன் பழைய பிரபுவைப் போல வீடு கட்டினார்?

வாசகர் ஒருவரின் கேள்வி — மார்ச் 2

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையின் பெரிய மாளிகைகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். ப்ளுவா நகருக்கு வடக்கே தல்சி என்னும் கிராமத்தில் ஒரு சிறு கோட்டை இருப்பதாகவும், அதை 1520 வாக்கில் கட்டுவித்தவர் ஃபுளோரன்ஸ் நகரத்து வங்கியாளர் என்றும் படித்தேன். படத்தில் பார்த்தால் மறுமலர்ச்சிக் காலத்தின் சாயலே இல்லை. நூறாண்டுப் போர்க் காலத்துக் (14, 15ஆம் நூற்றாண்டு) காவற்கோபுரம் போலத் தெரிகிறது. ஆண்டு தவறாக அச்சாகிவிட்டதா, அல்லது இது வெறும் போலிக் கோட்டைதானா?

மார்ச் 2, இரவு

ஆண்டு சரியாகவே அச்சாகியிருக்கிறது. பெர்னார்தோ சால்வியாத்தி 1517இல் தல்சியை விலைக்கு வாங்கினார். 1520இல் அதை அரண் செய்துகொள்ள அனுமதி பெற்றார். மெதிச்சி குடும்பத்தோடு உறவு கொண்ட சால்வியாத்தி வம்சத்தைச் சேர்ந்தவர் அவர். மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்குக் கடன் கொடுத்த வங்கியாளர்.

உங்களுடைய குழப்பத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறேன். அதே மன்னர் ஷாம்போர் மாளிகையைத் தொடங்கியது 1519இல். தல்சியிலிருந்து ஷாம்போர் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவே லுவார் ஆறு மட்டுமே ஓடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே ஒரு பிரெஞ்சு மன்னர் இத்தாலிய மோகத்தில் இரட்டைச் சுருள் படிக்கட்டு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கே ஓர் அசல் இத்தாலியர் ஞாயில் (மதிலுச்சியின் பல் போன்ற மறைப்பு) வரிசையும் அம்பெய்யும் நடைவழியும் கொண்ட கோபுரத்தை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார். தல்சியை நான் மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்ப்பதற்கு இந்த முரண்தான் காரணம்.

மார்ச் 3

'போலி' என்ற சொல்லை நேற்றே மறுத்திருக்க வேண்டும். முதலில் கட்டடத்தை விவரித்துவிடுகிறேன்.

ஓர்லேயானிலிருந்து ப்ளுவாவுக்குப் போகும் வழியில், ஆற்றை விட்டு வடக்கே திரும்பியதும் போஸ் சமவெளி தொடங்குகிறது. மரமில்லாத கோதுமை வயல்கள். அடிவானத்தில் முதலில் கண்ணில் படுவது கோட்டையாக இருக்காது, தானியக் கிடங்காகவே இருக்கும். ஆற்றங்கரை மாளிகைகளுக்கு நீர்ப் பிரதிபலிப்பு என்ற அலங்காரம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தல்சிக்கு அது இல்லை. சில நூறு பேர் வாழும் ஊருக்குள், தேவாலயத்தை ஒட்டியபடியே மாளிகை எழுகிறது.

வெளிமுகப்பு கண்டிப்பானது. நடுவே சதுரக் கோபுரம். அதன் மூலைகளில் பல கோணங்களாக மடிந்த இரண்டு ஒல்லியான சிறுகோபுரங்கள். உச்சியில் வெளியே நீட்டிய நடைவழி. கீழே வண்டி நுழையப் பெரிய வாயில், ஆள் நுழைய அதன் பக்கத்தில் சிறிய வாயில். இந்தக் கோபுரத்தின் அடிப்பகுதி 15ஆம் நூற்றாண்டினது, சால்வியாத்தி அதை உயர்த்தி முடித்தார் என்று எழுதும் கையேடுகளும் உண்டு. முழுவதையும் அவரே கட்டினார் என்று எழுதுபவையும் உண்டு. எது சரியாக இருந்தாலும், 1520களில் ஒரு பணக்காரர் பார்வைக்கு நிறுத்தி வைக்க விரும்பிய முகம் அதுதான்.

வாயிலைக் கடந்து முற்றத்துக்குள் வந்ததும் கட்டடத்தின் குணம் மாறிவிடுகிறது. தட்டையான வளைவுகள் கொண்ட ஒரு தாழ்வாரம். அதற்கு மேலே வாழும் அறைகள். தூண்கள் தாங்கும் கூரையின் கீழ் ஒரு கிணறு, அதன்மேல் படர்ந்த ரோஜாக் கொடி. வெளியே முறைக்கும் வீடு உள்ளே உபசரிக்கிறது. ப்ளுவா நகரத்துப் பணக்கார வீடுகளின் முற்றங்களில் அந்தத் தலைமுறையினர் பழகியிருந்த தாழ்வாரம்தான் இதுவும்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

இப்போது அனுமதி விஷயம். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

தல்சி அந்தக் காலத்தில் போஜான்சி பிரபுத்துவத்தின் ஆளுகைக்குள் இருந்தது. போஜான்சியின் பிரபுவாக இருந்தவர் ழான் தோர்லேயான்-லோங்வில் என்ற பேராயர். 1520இல் அவர் சால்வியாத்திக்குக் கொடுத்த அனுமதியில் மதில், கோபுரம், ஞாயில், துப்பாக்கித் துளை, தூக்குப் பாலம் என்று ஒரு கோட்டைக்கு வேண்டிய உறுப்புகளெல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: இதையெல்லாம் கட்டிக்கொண்ட காரணத்தால் சால்வியாத்தி தன்னைக் கோட்டைப் பிரபு என்று அழைத்துக்கொள்ளக் கூடாது, ஊர் மக்களைக் காவல் பணிக்கு அழைக்கும் உரிமையையும் கோரக் கூடாது.

அதாவது கோட்டையின் தோற்றம் மட்டும் அனுமதிக்கப்பட்டது, கோட்டைக்குரிய அதிகாரம் மறுக்கப்பட்டது. இந்த நிபந்தனையை எழுத வேண்டிய தேவை வந்ததே ஒரு சான்று: நான்கு ஞாயிலைப் பார்த்தால் ஊர் மக்கள் அதற்குள் ஓர் அதிகாரத்தையும் சேர்த்தே படிப்பார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. பணம் புதிது, ஊர் புதிது, மொழி புதிது என்று வந்த ஒருவர், பழைமையான ஒன்றை முகப்பில் வைக்க விரும்பியதில் வியப்பில்லை. மறுமலர்ச்சி பாணி அவருக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அதை அவர் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு நிலப்பிரபு என்ற தகுதியைத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 5

கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "அதே காலத்தில் பிரெஞ்சு நிதியதிகாரிகள் எல்லோரும் புதிய பாணியில்தானே கட்டினார்கள்? அவர்களும் புதுப் பணக்காரர்கள்தானே?"

நல்ல எதிர்வாதம். தோமா போயே என்ற அரச நிதியதிகாரி ஷெனோன்சோவைக் கட்டினார். ழில் பெர்த்தலோ என்ற இன்னொருவர் 1518 முதல் அஸே-லெ-ரிதோவைக் கட்டினார். இரண்டிலும் இத்தாலிய அலங்காரம் தாராளம். ஆனால் அவற்றின் மூலைகளைப் பாருங்கள்: அங்கேயும் சிறுகோபுரங்கள், அஸேயில் அம்பெய்யும் நடைவழியின் வடிவமும். அஸேயின் உச்சியில் சுற்றிவரும் அந்த நடைவழியில் எந்த வீரனும் நின்று எதிரி மேல் கல் எறிந்ததில்லை. பழைய கோட்டையின் அடையாளங்களை அவர்கள் நகைபோல மெலிதாக அணிந்துகொண்டார்கள். சால்வியாத்தி அவற்றைக் கனமாகவே அணிந்தார். வேறுபாடு அளவில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. முந்தாநாள் நான் எழுதிய தொனியில் அது எதிரெதிர்த் துருவம்போல ஒலித்துவிட்டது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்த நிதியதிகாரிகளின் கதை நன்றாக முடியவில்லை. அவர்களில் மிகப் பெரியவரான செம்ப்லான்ஸே 1527இல் பாரிசின் மோன்போகோன் தூக்குமேடையில் தொங்கவிடப்பட்டார். பெர்த்தலோ தப்பி ஓடினார், அஸேயை மன்னர் பறிமுதல் செய்தார். போயே குடும்பம் தந்தையின் கணக்கு நிலுவைக்காக 1535இல் ஷெனோன்சோவை மன்னருக்கு விட்டுக்கொடுத்தது. தல்சி சால்வியாத்தி குடும்பத்திலேயே தலைமுறைகள் தாண்டி நின்றது. முகப்பின் அடக்கம்தான் காப்பாற்றியது என்று சொன்னால் கதை அழகாக முடியும். ஆனால் காரணம் அதைவிட எளிது. சால்வியாத்தி அரசு கஜானாவைக் கையாண்ட அதிகாரி அல்லர்; தன் சொந்தப் பணத்தைக் கடன் கொடுத்தவர். தணிக்கை செய்ய அவரிடம் அரசுக் கணக்கு இல்லை.

மார்ச் 6

"அப்படியானால் இந்த மதிலுக்கு ராணுவப் பயன் துளியும் இல்லையா?" என்று வேறொருவர் கேட்கிறார்.

பீரங்கிப் படைக்கு எதிராக எதுவும் இல்லை. 1520இல் முற்றுகைப் பீரங்கி இந்தக் கோபுரத்தை மதிய உணவுக்குள் முடித்திருக்கும். ஆனால் கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்கு ஆபத்து முற்றுகைப் படையிடமிருந்து வருவதில்லை. சம்பளம் கிடைக்காமல் திரியும் படைவீரர் கூட்டத்திடமிருந்து வருகிறது. அவர்களைத் தடுக்கத் தடித்த கதவும், கதவுக்கு மேலிருந்து சுடும் துளையும் போதும். கடன் கொடுக்கும் தொழில் செய்பவர் வீட்டில் பணமும் பத்திரமும் இருக்கும் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே 'வெறும் தோற்றம்' என்று நான் சொல்வதையும் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 9

கோபுரத்தை விடுங்கள். தல்சியில் உண்மையான பிரபுத்துவச் சின்னம் இரண்டாம் முற்றத்தில் இருக்கிறது: வட்டமான புறாக்கூண்டுக் கோபுரம், 16ஆம் நூற்றாண்டினது.

வெளியிலிருந்து பார்த்தால் தடித்த ஓர் உருளை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால், தரைக்கு அருகிலிருந்து கூரை வரை சுவர் முழுவதும் சிறு மாடங்கள், ஏறக்குறைய 1,500. பலர் இதை '1,500 புறா' என்று எழுதுகிறார்கள். மாடம் ஒன்றுக்கு ஒரு ஜோடி என்பதே கணக்கு. கூண்டு நிரம்பினால் 3,000 பறவைகள்.

நடுவில் நிமிர்ந்து நிற்கும் மரத்தூண்தான் எனக்குப் பிடித்த பகுதி. தூண் மேலும் கீழும் முளையில் சுழலும். அதிலிருந்து நீளும் கைகளின் முனையில் ஓர் ஏணி, சுவரை ஒட்டியபடி. ஏணியில் ஏறியவர் சுவரைக் கையால் தள்ளினால் போதும்; கீழே இறங்காமலே வட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு மாடத்திலும் கை விட்டு, பறக்கத் தொடங்காத குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். புறாவுக்கு இரண்டிரண்டு முட்டை, ஆண்டுக்குப் பல ஈடு. பனிக்காலத்துக்கு முன் மாடுகளை வெட்டி உப்பிட்டு வைத்த காலத்தில் புத்திளம் இறைச்சி கிடைப்பது சிறிய வசதி அல்ல. எருவோ அதைவிட மதிப்பு. தோட்டத்துக்கும் திராட்சைக்கும் புறா எச்சத்தை விலை கொடுத்து வாங்கினார்கள்.

மார்ச் 9, தொடர்ச்சி

முக்கியமான பகுதியை விட்டுவிட்டேன்: அந்த 3,000 புறாக்கள் எங்கே மேய்ந்தன?

சுற்றியிருந்த வயல்களில்தான். விதைப்புக் காலத்தில் விதையையும், அறுவடைக்கு முன் கதிரையும் தின்றன. குடியானவர் அவற்றைக் கொல்லக் கூடாது. அதனால்தான் புறாக்கூண்டு வைக்கும் உரிமை சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வழக்குச் சட்டம். எடுத்துக்காட்டாக பாரிஸ் வட்டாரத்தில், தரையிலிருந்து மாடம் வைத்த தனிக் கோபுரம் கட்ட, உயர்நீதி அதிகாரம் (மரண தண்டனை வரை விதிக்கும் உரிமை) இல்லாத பிரபுவுக்குக் குறைந்தது 50 அர்ப்பான் சொந்த நிலம் வேண்டும். பாரிஸ் அளவில் அது சுமார் 17 ஹெக்டேர். ஒருவர் தன் புறாக்களுக்குத் தன் நிலத்திலேயே ஓரளவு தீனி போட முடிய வேண்டும் என்பது இதன் பின்னிருந்த நியாயம். எனவே மாடங்களின் எண்ணிக்கை நிலத்தின் அளவை ஊருக்கு அறிவித்தது. தலைமைக் கோபுரத்தில் சால்வியாத்தி சொல்ல முயன்றதை இந்தக் கூண்டு சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது.

1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, தேசிய சபை சிறப்புரிமைகளை ஒழித்தபோது, ஆணையின் இரண்டாம் பிரிவே புறாக்கூண்டு பற்றியதுதான். தனியுரிமை ஒழிந்தது, ஊர்ச்சமூகம் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், அந்த நாட்களில் வெளியே வரும் புறா வேட்டைப் பறவையாகக் கருதப்படும், தன் நிலத்தில் இறங்கினால் எவரும் சுடலாம். மாபெரும் புரட்சியின் சட்டத்தில் புறா இவ்வளவு முன்வரிசையில் வருவதைப் படித்துச் சிரிப்பவர்கள், விதைத்த வயலில் 3,000 பறவைகள் இறங்குவதை ஒருமுறை கற்பனை செய்து பார்க்கட்டும்.

மார்ச் 12

எதிர்பார்த்தபடியே கேள்வி வந்துவிட்டது: "கிணற்றடி ரோஜா ரோன்சாரின் ரோஜாவா?"

இல்லை. ரோஜாச் செடி பொதுவாக அத்தனை நூற்றாண்டு வாழ்வதில்லை. கவிஞர் ரோன்சார் 1545 ஏப்ரல் 21 அன்று ப்ளுவா அரசவை நடனத்தில் கசாந்த்ரா சால்வியாத்தியைப் பார்த்தார். அவள் இந்த வீட்டு பெர்னார்தோவின் மகள், வயது 15 அளவில். சந்திப்பு நடந்தது ப்ளுவாவில், தல்சியில் அல்ல. ரோன்சார் திருச்சபை வருமானத்துக்காக முடிமழிப்புச் சடங்கு செய்துகொண்டவர், திருமணம் செய்ய முடியாது. அடுத்த ஆண்டே கசாந்த்ரா பிரே என்னும் ஊரின் பிரபுவை மணந்து போய்விட்டாள். 'அன்பே, ரோஜா மலர்ந்ததா பார்க்கப் போகலாம்' என்று அழைக்கும் பாடல் 1553இல்தான் அச்சில் வந்தது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். தாழ்வாரத்தில் நின்று அதை ஒப்பிக்கும் பெற்றோரையும், அருகில் நெளியும் பிள்ளைகளையும் ஜூன் மாதத்தில் போனால் நீங்களும் பார்க்கலாம். ரோஜாவை நட்டவர் யாராக இருந்தாலும் சுற்றுலாவின் நுட்பம் அறிந்தவர்.

இன்னொரு தகவல்: கசாந்த்ராவின் மகள் முசே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அல்ஃப்ரெத் தெ முசே அந்த வழியில் வந்தவர்.

மார்ச் 13

ரோன்சாருக்கு இத்தனை வரிகள் கொடுத்துவிட்டு அக்ரிப்பா தோபிஞேயை விட்டால் அநியாயம். தல்சியோடு உண்மையாகவே வாழ்ந்த கவிஞர் அவர்தான்.

புராட்டஸ்டன்ட் வீரர், இருபது வயது, கையில் காசில்லை. கசாந்த்ராவின் சகோதரர் மகள் டயானாவை அவர் காதலித்தார். முதுமையில் தம் பிள்ளைகளுக்கு எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். 1560இன் அம்புவாஸ் சதி (இளம் மன்னரைத் தம் வசப்படுத்தப் புராட்டஸ்டன்டுகள் செய்த முயற்சி) தொடர்பான மூல ஆவணங்கள் அவரிடம் இருந்தன. அவற்றில் மன்னரின் சான்சலராக, அதாவது நீதித்துறைத் தலைவராக, இருந்த லோப்பித்தாலின் கையெழுத்தும் இருந்தது. அவரிடமோ அவருடைய எதிரிகளிடமோ விற்றால் 10,000 எக்யூ நாணயம் கிடைக்கும் என்று டயானாவின் தந்தை சொன்னார். தோபிஞே போய் ஆவணங்களை எடுத்து வந்து தீயிலிட்டார்: அவை என்னை எரிப்பதற்கு முன் நான் அவற்றை எரித்துவிட்டேன் என்றார். மறுநாள் அந்தத் தந்தை பெண் கொடுக்க இசைந்தார்.

பிறகு போஸ் பகுதியில் ஒரு விடுதியில் தாக்கப்பட்டுக் காயமுற்ற தோபிஞே, காதலியின் மடியில் உயிர்விட வேண்டும் என்று 22 லீக் (ஒரு லீக் சுமார் 4 கிலோமீட்டர்) தூரம் குதிரையில் வந்தார். உயிர் போகவில்லை. திருமணம்தான் போயிற்று: டயானாவின் சிற்றப்பன் மத வேறுபாட்டைக் காட்டி உறவை முறித்தார். தம்மைப் பற்றித் தாமே எழுதும் வீரரின் கூற்றில் எண்களைக் கொஞ்சம் குறைத்துப் படிப்பது நல்லது என்பேன். முறிந்த திருமணத்தில் குறைக்க எதுவும் இல்லை.

மார்ச் 15

ஒருவர் எழுதியிருக்கிறார்: "புனித பர்த்தலோமேயு நாள் படுகொலையைக் கத்தரின் தெ மெதிச்சி தல்சியில்தான் திட்டமிட்டார் என்று கேள்விப்பட்டேன்."

பழைய கதை, அங்கே அரசத் தாய் கத்தரின் பெயரில் ஓர் அறையும் அவர் மகன் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் பெயரில் ஓர் அறையும் இருப்பதால் அணையாமல் எரிகிறது. உண்மையில் நடந்தது 1562 ஜூன் 28, 29 தேதிகளின் பேச்சுவார்த்தை. அவ்வாண்டு மார்ச் 1 அன்று வாஸியில் புராட்டஸ்டன்டுகள் கொல்லப்பட்டனர். ஏப்ரலில் புராட்டஸ்டன்ட் தரப்பின் தலைவரான இளவரசர் கொந்தே ஓர்லேயானைக் கைப்பற்றினார். ஓர்லேயானுக்கும் ப்ளுவாவுக்கும் இடையில் இருந்த தல்சியில் கத்தரினும் கொந்தேயும் சந்தித்தனர். எதிர்த்தரப்புத் தலைவர்கள் அரசவையை விட்டு விலகினால் தானும் நாட்டைவிட்டு வெளியேறத் தயார் என்று கொந்தே சொல்ல, கத்தரின் அந்தச் சொல்லை உடனே பற்றிக்கொண்டார். கொந்தேயின் ஆட்கள் ஒப்பவில்லை, பேச்சு முறிந்தது, டிசம்பரில் துரோவில் போர் நடந்தது. மன்னர் சார்லஸுக்கு அந்த ஜூன் 27ஆம் தேதிதான் 12 வயது நிறைந்திருந்தது. பாரிசில் புராட்டஸ்டன்டுகள் கொல்லப்பட்ட அந்தப் படுகொலை நடந்தது 1572 ஆகஸ்டில், பத்து ஆண்டுகள் கழித்து. அமைதிக்காகக் கூடிய வீட்டின் மேல் கொலைச் சதியை ஏற்றிவிட்டது ஊர்ப் பேச்சு.

மார்ச் 16

குறுகிய குறிப்பு. அறைகளுக்குள் 16ஆம் நூற்றாண்டைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வரவேற்பறைகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் வீடு: சாய்வு நாற்காலி, சீட்டாடும் மேசை, மர அலமாரி. எனக்கோ இதுதான் வெற்றி. பெரும்பாலான மாளிகைகளின் பொருட்கள் ஏலத்தில் சிதறி, பிறகு வேறெங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்பப்பட்டவை. தல்சியை அரசு 1933இல் வாங்கியபோது தளவாடங்களோடு சேர்த்தே வாங்கியது.

விற்றவர்கள் ஸ்டாப்ஃபர் குடும்பம். சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டியக் குடியரசில் கல்வி, கலைத்துறை அமைச்சராக இருந்த பிலிப் ஆல்பர்ட் ஸ்டாப்ஃபரின் வழியினர். அவர் மகன் ஆல்பர்ட், கோத்தேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். 1828 பதிப்புக்கு ஓவியர் தெலாக்ருவா கல்லச்சுப் படங்கள் வரைந்தார்.

மார்ச் 20

போக நினைப்பவருக்கு: ஓர்லேயான்–ப்ளுவா ரயில் பாதையில் மேர் நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். மிதிவண்டி போதும், மேடு கிடையாது, எதிர்க்காற்று உண்டு. ஊரில் ஒரு மரக் காற்றாலை நிற்பதும் அந்தக் காற்றால்தான். உள்ளே போனதும் எல்லோரும் வரவேற்பறைக்கு ஓடுவார்கள். நீங்கள் நேராக இரண்டாம் முற்றத்துக்குப் போய்ப் புறாக்கூண்டையும், களஞ்சியத்தில் இருக்கும் பழைய மரத் திராட்சைச் செக்கையும் முதலில் பாருங்கள். சுற்றிலும் கோதுமை மட்டும் தெரியும் ஊரில் ஒரு காலத்தில் திராட்சையும் விளைந்தது என்பதற்கு அந்தச் செக்கு சாட்சி. இன்றும் இயக்கக்கூடிய நிலையில் வைத்திருக்கிறார்கள். ஷாம்போரை அதே நாளில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் தல்சியைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்; அந்தப் பெரிய படிக்கட்டைப் பார்த்த பிறகு இந்தத் தாழ்வாரம் கண்ணில் நிற்காது.